ஓரம் திருத்தும் ஆசிரியர்கள்

தமிழ் கற்பிக்கிறவர்களுக்குக் கணினிக் கூடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நம்மை உள்ளே இழுத்தவர்கள் எதிர்க்கட்சியினர்தாம். மூலநிரலைத் தானே வரிசைப்படுத்தித் தரும் கருவிகளை மாணவர் தொடவே கூடாது என்போர், தம் வாதத்துக்குச் சாட்சியாக யாப்பிலக்கணத்தை அழைக்கிறார்கள். வெண்பா எழுதுகிறவன் சீரையும் தளையையும் இயந்திரத்திடம் ஒப்படைப்பானா, நிரல் எழுதுகிறவன் மட்டும் வரியமைப்பை ஒப்படைக்கலாமா என்கிறார்கள். சாட்சி நமக்குத் தெரிந்தவர். ஆகவே குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்குண்டு.

முதலில் வழக்கு எதைப் பற்றியது என்று பார்ப்போம். நிரல் எழுதுகையில், ஒரு நிபந்தனைக்குள் அடங்கும் கட்டளைகளைச் சற்று உள்தள்ளி எழுதுவது வழக்கம். அடைப்புக்குறி எந்த வரியில் நிற்க வேண்டும், கமாவுக்குப் பின் இடம் விட வேண்டுமா என்பன போன்ற வழக்கங்களும் உண்டு. சி, ஜாவா முதலிய மொழிகளில் இவற்றால் பொருள் மாறுவதில்லை. ஓரம் எப்படிக் கோணினாலும் கணினி அதே வேலையைத்தான் செய்யும். ஒழுங்கு, படிக்கிற மனிதருக்காக. கட்டளைவரியில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் அந்த ஒழுங்கு வந்துவிடும். சி மொழிக்கான 'இண்டென்ட்' 1970களில் பிறந்தது. 2009இல் வெளியான கோ மொழி, 'கோஃபம்ட்' என்னும் கருவியைக் கையோடு கொண்டுவந்தது. பைத்தானுக்கு 2018இல் 'பிளாக்' வந்தது. கோஃபம்ட் தரும் வடிவம் எவருக்கும் தனிவிருப்பமன்று, ஆயினும் கோஃபம்ட் எல்லோருக்கும் விருப்பமானது என்ற பொருள்பட, கோ மொழியைப் படைத்தவர்களுள் ஒருவரான ராப் பைக் சொன்னார். அவரவர் ருசியை அவரவர் விட்டுக்கொடுத்ததால் வீண் சண்டை ஒழிந்தது.

இப்போது சாட்சியை விசாரிப்போம். ஓலைச்சுவடியில் செய்யுள் எப்படி இருந்தது? பெரும்பாலும் புள்ளி இல்லை; சொல்லுக்கிடையே இடைவெளி இல்லை; அடி பிரிப்பும் இல்லை. இடம் உள்ளவரை எழுத்து ஓடும். யாப்பறிந்தவர் அதை வாய்விட்டுப் படித்தாலே அடி தானாகப் பிரிந்து நிற்கும். காரணம், அடி என்பது தாளில் விடப்படும் இடமன்று. பாட்டின் கட்டுக்குள்ளேயே இருப்பது. அச்சில் அதை நான்கு வரியாக மடக்கிக் காட்டுவது, உள்ளிருக்கும் கட்டைக் கண்ணுக்குக் காட்டும் வேலை மட்டுமே. நிரலொழுங்குக் கருவி செய்வதும் அதுவே. மொழியின் இலக்கணப்படி நிரலைப் பகுத்து, எது எதற்குள் அடங்குகிறது என்று கண்டு, அதன்படி வரிகளை நிறுத்துகிறது. சீருக்கும் தளைக்கும் இணையானது நிரலின் தருக்கம். அதைக் கருவி தொடுவதே இல்லை. சாட்சி நம் கட்சிக்கே பேசிவிட்டது.

கையால் ஓரம் கட்டுவதுதான் கவனத்தை வளர்க்கும் என்போருக்கு 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஆப்பிள் பிழையை நினைவூட்டுகிறோம். பாதுகாப்பான இணையத் தொடர்பைச் சரிபார்க்கும் நிரலில், சோதனையைக் கைவிட்டு வெளியேறச் சொல்லும் ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது எதற்கும் உட்படாதது. ஆகவே அது எப்போதும் இயங்கி, கையொப்பச் சோதனையைத் தாண்டிச் சென்றது. இரு வரிகளும் ஒரே அளவு அழகாக உள்தள்ளப்பட்டிருந்தமையால், இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலவே தோன்றின. கருவியிடம் கொடுத்திருந்தால் இரண்டாம் வரியை அது வெளியே தள்ளி நிறுத்தியிருக்கும். பார்க்கிறவர் கண்ணில் பட்டிருக்கும். கையால் செய்த ஒழுங்கு பொய் சொல்லக்கூடும். இலக்கணத்திலிருந்து பிறந்த ஒழுங்கு, உள்ளதைத்தான் காட்டும்.

மறுதரப்பில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். பைத்தானில் உள்தள்ளலே பொருள். அங்கே எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை மாணவரே அறிந்து எழுத வேண்டும். அதைத் தவறவிட்டால் பிளாக் வந்து காப்பாற்றாது. பலர் ஆண்டுக்கணக்கில் எழுதிய பழைய நிரலை ஒரே நாளில் ஒழுங்குபடுத்தினால், எந்த வரியை யார் ஏன் மாற்றினார் என்ற வரலாறு மங்கும் என்பதும் மெய்யே. ஆனால் இவை கருவியை அறிந்து பயன்படுத்தச் சொல்லும் காரணங்கள், விலக்கச் சொல்பவை அல்ல.

கருவியால் ஆகாத வேலை எது என்பதையும் நம் இலக்கணமே காட்டும். தாமரை என்பது பூவா, தாவும் மரையா? வேங்கை என்பது புலியா, வேகின்ற கையா? பொதுமொழி என்று நன்னூல் சுட்டும் இத்தகைய சொல்லைப் பிரிக்க இடமறிந்த அறிவு வேண்டும். நாவலரும் தாமோதரம் பிள்ளையும் உ.வே.சா.வும் பதிப்பில் பட்ட பாடு அங்கேதான். நிரலிலும் அப்படியே. மாறிக்கு 'அ' என்று பெயரிடுவதா, 'கடன் தொகை' என்று பெயரிடுவதா? ஒரு செயற்கூற்றை எங்கே பிரிப்பது? எந்த இடத்தில் குறிப்புரை வேண்டும்? இவற்றை எந்தக் கருவியும் இட்டுத் தராது. ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் இது.

நாம் அறிந்த கல்லூரி ஒன்றில் நடப்பதோ வேறு. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைகள் அங்கே அதிகம். கணினியைத் தொடும் நேரம் ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் பாதி இடைவெளிப் பட்டையைத் தட்டுவதில் கழிகிறது. செய்முறைத் தேர்வில் நிரல் சரியாக இயங்கியும் ஓரம் கோணியதற்காக மதிப்பெண் போகிறது. ஆங்கிலத்தோடும் தருக்கத்தோடும் ஏற்கெனவே மல்லுக்கட்டுகிற பிள்ளையின் முதுகில் இந்தச் சுமையையும் ஏற்றுவது கல்வியாகாது. சிவப்பு மையால் ஓரம் திருத்துவது எளிது. தருக்கத்தைப் படித்துத் திருத்துவதுதான் கடினம் என்ற ஐயமும் நமக்குண்டு.

இக்கருவிகளுக்குக் காசில்லை, யாவும் கட்டற்ற மென்பொருள்கள். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவரிடையே அத்தகைய மென்பொருளைப் பரப்பி வரும் ஊர் இது. முதல் பருவத்தில் ஒரு வாரம் உள்தள்ளலின் காரணத்தைக் கற்பியுங்கள். அடுத்த வாரம் கருவியைக் கையில் கொடுங்கள். அதன்பின் மதிப்பெண்ணை ஓரத்துக்கு இடாமல், பெயருக்கும் பகுப்புக்கும் தருக்கத்துக்கும் இடுங்கள்.