க்ரேன் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை... விபத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது?

'க்ரேன் ரோப் அறுந்து தொழிலாளி பலி.' மொபைலில் இப்படி ஒரு செய்தி வந்தால் ரெண்டு நொடி பார்ப்போம், 'அய்யோ பாவம்' என்போம், அடுத்ததுக்கு ஸ்க்ரோல் பண்ணிடுவோம்.

பெரிய விபத்துகள் மட்டும் கொஞ்ச நாள் பேசப்படும். 2020 ஆகஸ்ட் 1-ம் தேதி விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டில் க்ரேன் சரிந்து 11 பேர் இறந்தார்கள். சரியாக மூன்று வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில், மகாராஷ்டிராவின் சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலப் பணியில் கர்டர் தூக்கும் ராட்சத இயந்திரம் விழுந்து 20 பேர் இறந்தார்கள்.

ஆனால், க்ரேனுக்கும் அது தூக்கும் பொருளுக்கும் நடுவில் சின்னச் சின்ன சாமான்கள் இருக்கின்றன. ஸ்லிங், ஷாக்கில், ஹூக், செயின், பெல்ட். ஒரு லோடு பத்திரமாக இறங்குமா என்பது பல நேரம் இவற்றின் கையில்தான் இருக்கிறது. இவை சொல்லாமல் கொள்ளாமல் அறுவதும் அபூர்வம். பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

என்ன காட்டிக்கொடுக்கும்?

வயர் ரோப் என்பது ஒரே கம்பி இல்லை. மெல்லிய கம்பிகள் பல சேர்ந்து ஒரு புரி, பல புரிகள் சேர்ந்து ஒரு ரோப். கப்பியில் வளைந்து வளைந்து நிமிரும்போது கம்பிகள் ஒவ்வொன்றாக உடையும். ஒரு புரி ரோப்பை ஒருமுறை முழுசாகச் சுற்றிவரும் நீளத்துக்குள் பத்து கம்பி உடைந்திருந்தால், அல்லது ஒரே புரியில் ஐந்து உடைந்திருந்தால், அந்த ஸ்லிங் கழிவு. உலகம் முழுக்க பல சைட்களில் பின்பற்றும் கணக்கு இது. கிரீஸ் காய்ந்துபோன ரோப் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்.

துணி பெல்ட்டுக்கு கூர்மையான விளிம்புதான் முதல் எதிரி. இரும்பு பீமுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு பேட் வைக்காமல் தூக்கினால், ஒரே தூக்கில்கூட வெட்டு விழலாம். வெயிலும் மெதுவாக அதன் பலத்தைத் தின்னும். லேபிள் கிழிந்துபோச்சா? அது எத்தனை டன் தாங்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. அதையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கோணம் என்கிற வில்லன்

ஒரு டன் பொருளை ரெண்டு ஸ்லிங்கில் தூக்கினால் ஆளுக்கு அரை டன்தானே? நேராகத் தொங்கும்போது மட்டும்தான். ஸ்லிங்குகள் விரிய விரிய ஒவ்வொன்றிலும் இழுவிசை ஏறும். தரைமட்டத்திலிருந்து 30 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு ஸ்லிங்கும் முழுசாக ஒரு டன் இழுக்கும். பொருள் அதேதான், சுமை மட்டும் டபுள்.

'ஸ்லிங்கை எழுதியிருக்கிறதைவிட ஐந்து மடங்கு தாங்குற மாதிரிதான் செய்வாங்க, ஒண்ணும் ஆகாது' என்று சைட்டில் சொல்வார்கள். அந்த ஐந்து மடங்கு, திடீர் குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் விட்டுவைத்த இடம். கூடுதல் லோடு ஏற்ற அல்ல.

சட்டம் எங்கே நிற்கிறது?

1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு, தூக்கும் கருவிகளையும் செயின், ரோப்களையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள நபர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் சர்டிஃபிகேட் ஜனவரியில் வந்திருக்கும், வெட்டு விழுவது மார்ச்சில். நடுவில் அதைப் பார்க்கக்கூடியவர், தினமும் அதைக் கையில் எடுக்கிற ரிக்கர் மட்டும்தான். சைட் பாஷையில், கலாசி.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி முதலாளியிடமும், அதே நேரத்தில் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம் என்கிறது இதன் 14-வது பிரிவு. முதலாளி ஒத்துக்கொள்ளாவிட்டால், இன்ஸ்பெக்டர் சொல்வதே முடிவு.

வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் க்ரேனில் தொங்கிக்கொண்டிருக்கும் லோடு இன்ஸ்பெக்டர் வரும்வரை காத்திருக்காது. இன்னொரு பக்கம், மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆகக் குறைந்தது 10 பேர் என்றிருந்தது இப்போது 20 ஆகியிருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறையிலும் செயின் பிளாக் தொங்கத்தான் செய்கிறது.

யார் 'வேண்டாம்' சொல்வது?

பிரச்னையின் மையம் இங்கேதான். ரிக்கிங் வேலை பார்ப்பவர்களில் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள், தினக்கூலிகள். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நிறைய. சூப்பர்வைசர் 'சீக்கிரம் தூக்குப்பா' என்று நிற்கும்போது 'இந்த பெல்ட் சரியில்லை சார்' என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம். மாற்று பெல்ட் ஸ்டோரிலேயே இல்லையென்றால் சொல்லியும் என்ன பிரயோஜனம்?

அதனால் ஒரு கம்பெனி பாதுகாப்பானதா என்று தெரிய, சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்டோரில் ஸ்பேர் ஸ்லிங் இருக்கிறதா? கழித்துப்போட்ட ஸ்லிங்கை வேறு யாரும் மறுபடி எடுக்க முடியாதபடி ரெண்டாக வெட்டிப் போடுகிறார்களா? கடைசியாக 'தூக்க மாட்டேன்' என்று சொன்ன ரிக்கர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா?

டிப்ளமோ, ஐ.டி.ஐ முடித்துவிட்டு சைட்டுக்குப் போகிற நண்பர்கள் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்பது நல்லது.