பசுமை பூசிய பதாகைகள்

‘பசுமை’ என்னும் சொல் இன்று நல்ல விலைக்குப் போகின்றது. வங்கி பசுமையாகிவிட்டது, உல்லாச விடுதி பசுமையாகிவிட்டது, சீமெந்து விற்பவரும் தம் விளம்பரத்தின் மூலையில் ஓர் இலையை வரைவித்துக்கொள்கின்றார். அந்த இலையை வரைந்து கொடுக்கும் வரைகலை நிலையங்களும் இப்போது தம்மைப் பசுமை நிலையங்கள் என அழைக்கத் தொடங்கியுள்ளன. மீள்சுழற்சிக் கடதாசியைப் பயன்படுத்துக, சோயா எண்ணெய் மையால் அச்சிடுக, வேலை முடிந்ததும் கணினியை நிறுத்துக, இயலுமாயின் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் செல்க என மேலைநாட்டு நிலையங்கள் வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள் நம் நாட்டிலும் ஓதப்படுகின்றன.

இவ்விதிகளை நாம் இகழவில்லை. சிக்கனம் எங்கும் நல்லதே. ஆயினும் இவற்றோடு கடமை முடிந்துவிட்டது என்று கருதுவோரிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகின்றோம். தேவையற்ற பொருளொன்றை வாங்கும்படி மக்களைத் தூண்டும் ஓர் இலட்சம் துண்டுப்பிரசுரங்களை மீள்சுழற்சிக் கடதாசியில் அச்சிட்டுவிட்டால், அது இயற்கைக்குச் செய்த தொண்டாகுமா? வீதியில் எறியப்படும் குப்பை நல்ல கடதாசியாலான குப்பை என்பதில் மகிழ்ச்சி கொள்வதா?

எதற்காக அச்சிடுகின்றோம், எத்தனை பிரதி, எத்தனை காலத்துக்கு, பயன் முடிந்தபின் அது எங்கே செல்லும் என்பனவே வரைகலை நிலையத்தின் முதற் கேள்விகளாதல் வேண்டும். எந்தக் கடதாசி, எந்த மை என்பன அவற்றின் பின் வருவன. முதற் கேள்விகளுக்கு விடை கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். இதுவே நம் வாதம்.

கடதாசியின் அருமையை நம் நாட்டு மாணவன் அனுபவத்தில் அறிவான். 2022 மார்ச் மாதத்தில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லை என்பதே காரணம். அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினாற் கொழும்புப் பத்திரிகைகள் சில தம் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் விபரீதமாயிற்று. திறைசேரி பணம் கொடுக்காமையால் வாக்குச்சீட்டு அச்சிடும் பணி தடைப்பட்டது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதியே நடந்தேறியது. மாணவனின் வினாத்தாளுக்கும் குடிமகனின் வாக்குச்சீட்டுக்கும் கதியில்லாதிருந்த அந்நாள்களிலும், சந்திகளிற் புன்னகை பூத்த முகங்களைத் தாங்கிய பதாகைகள் தொங்கியே நின்றன. எது தேவை, எது தேவையற்றது என்பதைச் சந்தை தானாகவே தீர்மானிக்கும் என்போர் இக்காட்சிக்கு விளக்கம் கூறட்டும்.

இத்தகைய கையறுநிலை நமக்கு விதிக்கப்பட்டதொன்றன்று. 1950களில் உருவான வாழைச்சேனைக் கடதாசி ஆலை நெல்வயலின் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. கடதாசி ஆக்கத்துக்கு வேண்டிய எரிசோடாவை, ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆக்கியது. விவசாயியின் வைக்கோலும் உப்பளத் தொழிலாளியின் உப்பும் ஒன்றுசேர்ந்து மாணவனின் கொப்பியாகும் வழி ஒன்று இந்நாட்டில் இருந்தது. போரும் புறக்கணிப்பும் அதனைக் குலைத்தன. இன்று கப்பலில் வரும் கடதாசியை நம்பி வாழும் நாம், அதனை எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதையாவது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வடிவமைப்பாளனின் மேசையில் எடுக்கப்படும் சிறு முடிவு எவ்வளவு கடதாசியை உண்கின்றது என்பதற்குக் கணக்கு உண்டு. பதினேழரை அங்குலத்துக்கு இருபத்திரண்டரை அங்குலமான டிமைத் தாளை எடுத்துக்கொள்வோம். எட்டாக மடித்து, எட்டரைக்கு ஐந்தரை அங்குல நூலாக வெட்டினால், தாளின் 95 வீதம் நூலாகிவிடும். ‘புதுமையாக இருக்கட்டும்’ என்று எட்டு அங்குலச் சதுரமாக அதே நூலை அமைத்தாலோ ஒரு தாளில் நான்கு இதழ்களே கிடைக்கும்; 35 வீதம் வெட்டுக்கழிவாகும். வாசகன் அக்கழிவைக் காண்பதில்லை. ஆனால் நூலின் விலையில் அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கின்றான். மற்றுமொரு கணக்கு: 80 கிராம் கடதாசியில் ஏ4 தாளொன்றின் நிறை 5 கிராம். 32 பக்க ஏ5 சிறுநூலுக்கு எட்டுத் தாள். ஆகவே 40 கிராம். 10,000 பிரதி அச்சிட்டால் 400 கிலோகிராம். அவற்றுள் 4,000 பிரதிகள் அலுமாரிக்கடியிற் கறையானுக்கு இரையாகுமெனின், 160 கிலோகிராம் கடதாசி வீணாயிற்று. அக்கடதாசி மீள்சுழற்சிக் கடதாசியாயினும் கறையானுக்குத்தானே உணவாயிற்று?

ஆசிரியராகிய நாம் நன்கறிந்த வேறோர் உதாரணமும் உண்டு. பாடநூலிலேயே ‘இடைவெளி நிரப்புக’ என்று கோடிட்ட பக்கங்களை அமைத்துவிட்டால், முதலில் வாங்கிய பிள்ளை பென்சிலால் நிரப்பியதும் அந்நூல் அடுத்த பிள்ளைக்கு உதவாது. அதே பயிற்சியைக் ‘கொப்பியில் எழுதுக’ என்று மாற்றினால், உறுதியாகக் கட்டப்பட்ட நூல் மூன்று நான்கு பிள்ளைகளின் கைமாறும். கடதாசியின் தரமோ மையின் வகையோ மாறவில்லை. பக்கத்தின் அமைப்பு மாத்திரமே மாறியது. வடிவமைப்பு என்பது அழகூட்டும் வேலை மாத்திரமே என்போர் இதனைக் கவனிப்பாராக.

இனி, நம் சந்திகளை ஆளும் பிளெக்ஸ் பதாகைக்கு வருவோம். அதனைத் துணி என்று எண்ணுவோர் பலர். பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழைவலையின் இருபுறமும் பொலிவைனைல் குளோரைட்டு பூசி ஆக்கப்படும் பிளாஸ்டிக் அது. உக்காது, இழையும் பூச்சும் ஒட்டியிருப்பதால் மீள்சுழற்சிக்கும் எளிதில் உடன்படாது, திறந்த வெளியில் எரித்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின் என்னும் நச்சும் வெளிப்படும். ஏழையின் கொட்டிற் கூரையில் ஒழுக்குக்கு விரிக்கப்படுவதே அதற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மறுபிறவி. வறுமை செய்யும் அந்த மீள்பயன்பாட்டைக் காட்டிப் பிளெக்ஸ் வணிகத்தை நியாயப்படுத்துவது அறமாகாது.

2017 ஏப்ரில் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் எறிந்தவற்றின் கீழ் நகரத்தின் ஏழைகள் புதையுண்டனர். அவ்வாண்டு செப்டெம்பரில் வந்த வர்த்தமானி விதிகள், அரசியல், சமய, சமூக, கலாசார வைபவங்களின் அலங்காரத்துக்குப் பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் பொருள்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தன. வரவேற்கத்தக்க விதியே. ஆனால் பிளெக்ஸ் வேறு இரசாயனப் பெயர் கொண்டது. அப்பெயர் அவ்விதியில் இல்லை. கொடி கட்டுபவன் அஞ்சவேண்டும். கட்டடத்தை மறைக்குமளவு பதாகை கட்டுபவன் அஞ்சவேண்டியதில்லை! அண்டையிலுள்ள கேரள அரசு 2019இல் இப்பதாகைகளைத் தடை செய்தது. அங்கே இயன்றது இங்கே இயலாது என்பதற்கு இயற்கை விதி எதுவும் இல்லை.

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழும். முதலாவது, ‘எல்லாவற்றையும் திரைக்கு மாற்றிவிட்டாற் கடதாசியும் வேண்டாம், பதாகையும் வேண்டாம்’ என்பது. திரைக்கு மின்சாரம் வேண்டும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையம் நிலக்கரியை எரித்தே மின்சாரம் தருகின்றது. சில ஆண்டுகளிற் கழிக்கப்படும் கணினிகளும் எங்கோ ஒரு குப்பைமேட்டையே சேர்கின்றன. ஆகவே ‘எதற்காக’ என்னும் கேள்வியிலிருந்து திரையும் நம்மை விடுவிக்காது.

இரண்டாவது மறுப்பைக் கூடுதல் மதிப்போடு அணுக வேண்டும். ‘சிறு கடையொன்றிற் கணினிமுன் குந்தியிருக்கும் இளைஞன், வந்த வேலையை மறுத்தால் எதை உண்பான்?’ என்பது அது. மெய்யே. அவன் மறுத்தால் அடுத்த கடை அதே பதாகையை அன்று மாலையே அடித்துக் கொடுக்கும். அளவையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பவன் அவனல்லன், பணம் கொடுப்பவனே. ஆகவே ‘பசுமை ஒழுக்கம்’ என்னும் சுமையை அவன் தோளில் ஏற்றிவிட்டு, கட்டளையிடும் நிறுவனத்தையும் கட்சியையும் விட்டுவிடும் உபதேசம் அநீதியானது. பிளெக்ஸ் இயந்திரம் வந்தபோது சீலையில் எழுதிவந்த பதாகை ஓவியர்கள் தொழிலிழந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. அன்று அவர்களுக்காக எவரும் பிழைப்பின் பெயரால் வாதாடவில்லை.

இவ்வாதம் புதியதன்று. இங்கிலாந்தின் சோஷலிஸ்ட் வில்லியம் மொறிஸ் 1891இற் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தை நிறுவி, இயந்திர யுகத்தின் மட்டமான நூல்களுக்கெதிராகக் கைக்கடதாசியில் அழகிய நூல்களை ஆக்கினார். 1896இல் வெளிவந்த அவருடைய சோசர் பதிப்பிற் கடதாசிப் பிரதிகள் 425. விலை 20 பவுண். எந்தத் தொழிலாளி அதனை வாங்கியிருத்தல் கூடும்? பொருள் தூயது, உழைப்பு உயர்ந்தது. பயனோ செல்வர் வீட்டு நூலகத்துக்கு. இன்றைய பசுமை நிலையங்களின் விலையுயர்ந்த கடதாசி மாதிரிகளைப் பார்க்கும்போது, மொறிசின் நேர்மை இல்லாமல் அவருடைய முரண்பாடு மாத்திரம் எஞ்சியிருப்பதாகவே தோன்றுகின்றது.

1964இல் இலண்டனிற் கென் கார்லண்ட் என்னும் வடிவமைப்பாளர் வெளியிட்ட அறிக்கையில் 22 பேர் கையொப்பமிட்டனர். பூனை உணவையும் கோடிட்ட பற்பசையையும் விற்பதில் நம் திறமையை விரயஞ் செய்கின்றோம்; வீதிக் குறியீடு, நூல், கல்விச் சாதனம் முதலிய பயனுள்ள வேலைகளுக்கு முதலிடம் தருவோம் என்பது அதன் சாரம். சூழல் என்ற சொல்லை முழங்காமலே அவர்கள் சரியான இடத்திற் கை வைத்தார்கள். ஆயினும் முதலிடத்தை மாற்றும் அதிகாரம் கையொப்பமிட்டோரிடம் இருக்கவில்லை. தனிமனித மனச்சாட்சிக்கு எல்லை உண்டு. அமைப்பாகத் திரண்ட கோரிக்கையே கட்டளையிடுபவனைக் கட்டுப்படுத்தும்.

அவ்வமைப்பு நம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்கட்டும். முதலாளியின் விளம்பரத்தைச் சாடும் நாம் நம் வைபவங்களை எவ்வாறு நடத்துகின்றோம்? முற்போக்கு நூலின் வெளியீட்டு விழாவுக்கும் பத்தடிப் பிளெக்ஸ். நூலின் அட்டைக்கோ மீள்சுழற்சிக்குத் தடையான பிளாஸ்டிக் மென்படலப் பூச்சு. பரிசளிப்பு விழாப் பதாகையில் ஆண்டையும் பிரதம விருந்தினரின் படத்தையும் அச்சிட்டுவிடுவதால் அது மறுநாளே பயனற்றதாகின்றது. நாம் கண்ட பாடசாலை மண்டபமொன்றின் மேடைக்குப் பின்னால் அத்தகைய சுருள்கள் ஆண்டுவரிசைப்படி கிடந்தன. பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பதாகை. இறந்தவருக்கு ஒவ்வொரு சந்தியிலும் கண்ணீர் அஞ்சலி. முப்பத்தோராம் நாளுக்கு வழுவழுப்பான தாளிற் பல்வண்ண நினைவு மலர். துக்கத்தைக் கேலி செய்வது நம் நோக்கமன்று. கடன்பட்டேனும் அயலவனுக்குச் சமமாகப் பதாகை கட்டவேண்டிய நிலைக்கு ஏழைக் குடும்பங்கள் தள்ளப்படுகின்றனவே, அதனையே சொல்கின்றோம்.

நாம் முன்வைப்பவை எளியவை. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இலக்கிய வட்டங்களும் தம் வைபவங்களுக்குப் பிளெக்ஸ் கட்டுவதில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றட்டும். ஆண்டும் பெயரும் மாற்றத்தக்க சீலைப் பதாகைகளை உள்ளூர் ஓவியரைக் கொண்டும் சித்திர வகுப்பு மாணவரைக் கொண்டும் எழுதுவிக்கட்டும். நூல் வெளியிடுவோர் தாளளவை அச்சகத் தொழிலாளியிடம் கேட்டறிந்து நூலின் அளவைத் தீர்மானிக்கட்டும்; மென்படலப் பூச்சைக் கைவிடட்டும்; விற்கக்கூடிய பிரதிகளை மாத்திரம் அச்சிடட்டும். இத்தனை கோரிக்கை ஒருங்கே எழுமாயின், கணினிமுன் இருக்கும் அந்த இளைஞனுக்கும் வேறு வேலை பிறக்கும். அதன்பின் அரசிடமும் கேட்போம்: பிளெக்சின் பெயரும் சட்டத்தில் எழுதப்படட்டும், பதாகை கட்டியவரே அதனை அகற்றி அழிக்கும் செலவையும் ஏற்கட்டும், பாடநூல்கள் பல பிள்ளைகளின் கைமாறும் வண்ணம் அமைக்கப்படட்டும்.

அடுத்த தவணையிற் பரிசளிப்பு விழாக்கள் தொடங்கும். குழுக் கூட்டத்திற் பதாகைச் செலவு பற்றிய பேச்சு எழும்போது, ஆசிரியர்களே, மாணவர்களே, எவ்வளவு பெரிது என்று கேட்குமுன் எதற்காக என்று கேளுங்கள். அப்பணத்துக்கு எத்தனை கொப்பிகள் வாங்கலாம் என்பதையும் அக்கூட்டத்திலேயே கணக்கிட்டுக் காட்டுங்கள்.