பழுது தெரிந்தும் விற்கலாமா?



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புகைபோட்ட ரப்பர் ஷீட்டைத் தெரியாமல் இருக்காது. ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலை வைப்பார்கள். மட்டமான ஷீட்டை மட்டமென்று சொல்லி விற்பதில் பாவமில்லை. அதையே முதல் தரக் கட்டின் நடுவே ஒளித்து வைத்தால்?

1994ஆம் ஆண்டில் கணினி வியாபாரத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1972 முதல் நம் பினாங்கிலும் தொழிற்சாலை நடத்திவரும் அமெரிக்க நிறுவனம் இன்டெல். கணினிக்கு மூளை போன்ற 'பெண்டியம்' என்னும் சிப்பை அது விற்றது. வகுத்தல் கணக்குக்காக அந்தச் சிப்பினுள் பதித்த வாய்ப்பாட்டில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயின. 4,195,835ஐ 3,145,727ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும், அதுவோ 1.3337 என்றது.

இந்தப் பிழை அவ்வாண்டின் நடுவிலேயே இன்டெலுக்குத் தெரியும். ஆனாலும் வாங்குவோரிடம் சொல்லாமல் விற்பனையைத் தொடர்ந்தது. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தம் கணக்கில் பிழையைக் கண்டுபிடித்து, அக்டோபரில் ஊரறியச் செய்தார். "சாதாரண ஆளுக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இந்தத் தவறு நேரும்" என்று இன்டெல் சமாதானம் சொன்னது. அவசியம் என்று காட்டுபவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவதாகவும் கூறியது. ஐ.பி.எம். நிறுவனமோ, சிலருக்கு 24 நாளுக்கு ஒருமுறைகூட நேரலாம் என்று கணக்கிட்டு, அந்தச் சிப் வைத்த கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20இல் இன்டெல் இறங்கிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்!

கவனித்தீர்களா? சிப் ஒன்றுதான், விற்றவர் கணக்கு ஒன்று, வாங்கியவர் கணக்கு வேறு. குறை சிறிதா பெரிதா என்று முடிவு செய்யும் உரிமை காசு கொடுப்பவருக்கே உண்டு. அவரிடம் மறைத்தால், அந்த உரிமையைப் பறித்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

நேர்வழியும் இருக்கிறது. 2008இல் ஏ.எம்.டி. என்ற நிறுவனம், நான்கு பகுதிகள் கொண்ட சிப்பில் ஒன்று பழுதானால் அதை அடைத்துவிட்டு, மூன்று பகுதிச் சிப் என்றே பெயரிட்டுக் குறைந்த விலைக்கு விற்றது. மூன்றாம் தர ஷீட்டை மூன்றாம் தரமென்று விற்பது போலத்தான் இதுவும்.

பெரிய கம்பெனிக்கு மட்டும் சொன்ன நியாயமல்ல இது. பழைய மோட்டார் சைக்கிளையோ கைத்தொலைபேசியையோ நாளை நீங்கள் விற்கப் போகலாம். வாங்க வருபவரும் நம்மைப் போல் தினக்கூலிக்காரராக இருக்கலாம். விலையைச் சொல்லுமுன் பழுதைச் சொல்லுங்கள்.