மலைக்கதவு விடியலிலேயே திறக்கட்டும்!

2025-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ கமிட்டி அந்த முடிவைச் செய்தது. மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகள் அந்தப் பட்டியலில் ஏறின. 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

பெருமையான செய்தி. இனிக் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பஸ் ஏறிக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மாசி மாதம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், "வந்ததுதான் வந்தோம், கோட்டையையும் பார்த்துவிடலாம்" என்று செஞ்சியில் இறங்குவதும் உண்டு. கட்டுச்சோறு வருகிறது. கைக்குழந்தை வருகிறது. பாட்டியும் வருகிறார்.

அவர்கள் மலை ஏறும் நேரம் எது? அதுதான் கேள்வி.

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். காற்று குளிர்ச்சியாக இருக்கும். மழைக்கால வழுக்கல் இருக்காது. படிகள் காய்ந்து கிடக்கும். மலை ஏற இதைவிட நல்ல மாதம் உண்டா என்று தோன்றும்.

பதினொரு மணிக்கு அதே மலை வேறு மலை!

செஞ்சி மண் மலை அல்ல. யாரோ பாறைகளை உருட்டிக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது போல இருக்கும். பாறை காலையெல்லாம் வெயிலைக் குடிக்கும். பிறகு அந்தச் சூட்டைத் திருப்பிக் கக்கும். மேலே வெயில், கீழே அனல். ஏறுகிறவர்கள் நடுவில் வேகவேண்டியதுதான்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது பாறையில் ஒரு பிளவு உண்டு. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் பாலம். பகைவர் வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். மேலே நாலு பேர் இருந்தாலே ஒரு படையைத் தடுக்கலாம். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது, அவரைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை வந்தது. வருஷக்கணக்கில் முற்றுகை இட்டது. 1698-ல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்!

பகைவரைக் களைக்க வைப்பதற்கென்றே அமைத்த வழி அது. இன்று அந்த வழியில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டி ஏறுகிறார்.

வெயிலில் மலை ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போய்விடும். எனவே ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும். வீட்டுக்கு ஒரு பாட்டில் போதாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், ஏறும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் மிகவும் நல்லது.

தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் அங்கேயே நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். உச்சி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும். ஒருவர் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சும் தடுமாறினால் அது ஆபத்து. துணியை நனைத்து உடம்பு முழுவதும் போட்டு விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

வெயில் மட்டும் அல்ல, இந்த மாதங்களில் இன்னொரு பயமும் உண்டு. மழையில் வளர்ந்த புல் இப்போது காய்ந்து நிற்கும். அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும்.

காய்ந்த புல் என்ன செய்யும் என்பதைத் தேனி மாவட்டம் குரங்கணி மலை காட்டியது. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்கள் இறங்கி வரும் வழியில் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர்.

தரையில் ஓடும் தீயைவிடச் சரிவில் ஏறும் தீக்கு வேகம் அதிகம். அனல் மேலே போய், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. ஆகவே கீழே தீ தெரிந்தால் மேல்நோக்கி ஓடக் கூடாது. புல் இல்லாத வெறும் பாறையைப் பார்த்துப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். செஞ்சியில் வெறும் பாறைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் படியை விட்டுக் குறுக்கு வழியில் புதருக்குள் நுழைகிறவர்களுக்கு அது கை கொடுக்காது.

குரங்கணிக்குப் பிறகு அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் செய்தது. 2025-ல் வனத்துறை தன் மலையேற்றத் தடங்களைப் பிப்ரவரி நடுவில் மூடி, ஏப்ரலில்தான் திறந்தது. காட்டுக்கு அது சரி. செஞ்சியை அப்படி மூட வேண்டியது இல்லை. நேரத்தை மாற்றினால் போதும்.

கோட்டையில் காலை 9 மணி வாக்கில்தான் டிக்கெட் கொடுக்கிறார்கள். பிற்பகலில் நேரம் கழித்து வந்தால் ராஜகிரியில் ஏற விடுவதில்லை. பிந்தி வருகிறவர்களைத் தடுப்பது நியாயம். ஆனால் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளில் எது மிகக் கொடிய வெயிலோ, அந்த நேரத்தில்தான் ஜனங்கள் ஏறியாக வேண்டும்!

மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் காப்பது இதே மத்தியத் தொல்லியல் துறைதான். அங்கே காலை 6 மணிக்கே திறக்கிறார்கள். அங்கே ஏற இவ்வளவு உயரமான மலை கூட இல்லை. செஞ்சிக்கு மட்டும் என்ன தடை? ஆள் போதாது என்றால், மாலையில் குறைத்துக் காலையில் கூட்டலாம். ஆண்டு முழுவதும் முடியாவிட்டால், மாசி முதல் வைகாசி வரையாவது செய்யலாம். அடிவாரத்திலும் பாதி வழியிலும் குடிதண்ணீர் வைக்கலாம். புல்லைப் படியோரத்தில் ஆறு அடிக்கு வெட்டிவிடலாம். இதற்குப் பெரிய பணம் தேவை இல்லை.

6 மணிக்கு ஏறத் தொடங்கும் குடும்பம் ராஜகிரி உச்சியில் நின்று ஊரைப் பார்க்கலாம். இறங்கிக் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் சுற்றிவிட்டு, 10 மணிக்கெல்லாம் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.