பழைய கணிப்பொறியும் புதிய விதியும்

கோவையில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், வைஃபை மெதுவாக இருக்கிறது. கணிப்பொறியில் நாட்டின் பெயரை மாற்றிக் கொடுத்தால் அகலமான தடம் கிடைக்குமாமே, மாற்றிவிடலாமா?" கூடாது என்பதே என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

வைஃபை செய்தியைச் சுமப்பது வானொலி அலை. அதன் தடம் அகலமாக இருந்தால் செய்தியும் விரைவாகச் செல்லும். 20, 40, 80, 160 மெகாஹெர்ட்ஸ் எனத் தடங்கள் பலவகை. 2018-ல் நம் அரசு 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும், ஆக 605 மெகாஹெர்ட்ஸ் பரப்பை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் அங்கே நாம் மட்டும் இல்லை. மழை மேகங்களைத் தேடும் ராடார்கள் சிலவும் 5600-ஐ ஒட்டி இயங்குகின்றன. 2009-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் விமானநிலைய வானிலை ராடாருக்குக் கம்பியில்லாக் கருவிகள் இடையூறு செய்தது தெரியவந்தது. புயலைக் கண்காணிக்கும் கண்ணில் தூசி விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இதனால்தான் லினக்ஸ் இயக்கமுறையில் நாடுதோறும் உள்ள விதிகள் தனி அட்டவணையாக வைக்கப்பட்டுள்ளன. இயக்கமுறையின் உட்கருவான கெர்னல் அதைப் பார்த்தே நடக்கும். பல நாடுகளின் அட்டவணையில் 5250-ல் ஒரு வரப்பு உண்டு. அதற்கு மேலே ராடாருக்கு வழிவிட வேண்டும், கீழே வேண்டியதில்லை. 160 மெகாஹெர்ட்ஸ் தடமோ 5170-லிருந்து 5330 வரை, வரப்பின் இருபுறமும் கால் வைக்கிறது. பழைய கெர்னல் ஒரு வயலுக்குள் அடங்கும் தடத்தையே ஏற்கும். ஆகவே 80-உடன் நின்றுவிடும். 2014-ல் வந்த 3.15 முதல், அட்டவணையில் உரிய குறி இருந்தால், கெர்னல் அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. குறி புரியாத பழைய கெர்னலுக்கும் 80 என்ற எண் புரியும். 2018 ஜனவரியில் வந்த 4.15 முதல், துணைநிரல் எதுவுமின்றிக் கெர்னலே அட்டவணையைப் படித்துக்கொள்கிறது.

புரியாதபோது குறைத்துக்கொள்வது பழைய கெர்னலின் குற்றமன்று. அதுவே அதன் நற்பண்பு என்பேன். வேகம் வேண்டுமானால் கெர்னலையும் அட்டவணையையும் புதுப்பியுங்கள். பழைய கணிப்பொறி என்று தூக்கி எறியுமுன் இதைச் செய்து பாருங்கள். ஆனால் நாட்டின் பெயரில் மட்டும் பொய் சொல்லாதீர்கள். உங்களுக்குச் சிறிது வேகம் கூடலாம்; மழையை எதிர்பார்த்திருக்கும் உழவருக்கோ, தரையிறங்கும் விமானிக்கோ தவறான படம் போய்ச் சேரக்கூடும்.