குரலுக்கு உடையவர் யார்?

2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ என்ற பாட்டைக் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். அதில் ஒலித்தவை காலஞ்சென்ற இருவரின் குரல்கள். பம்பா பாக்யா 2022-ல் இறந்தவர். ஷாகுல் ஹமீதோ 1990-களிலேயே மறைந்தவர். செயற்கை நுண்ணறிவு யந்திரத்தைக் கொண்டு இக்குரல்களை மீண்டும் ஒலிக்கச் செய்தவர் ஜனாப் ஏ. ஆர். ரஹ்மான். ஆட்சேபம் கிளம்பவே அவர் சுருக்கமாகச் சமாதானம் சொன்னார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, தக்க ஊதியமும் அனுப்பியாயிற்று. முறையாக உபயோகித்தால் இவ்வித்தையால் கேடில்லை என்றார்.

அவர் செய்கையில் நாம் குற்றம் காணவில்லை. நமது கவலை வேறு. அவர் அனுமதி கேட்டதும் பணம் கொடுத்ததும் அவருடைய கண்ணியத்தால் நிகழ்ந்தவை. அவ்வாறு செய்யாத ஒருவரைத் தடுக்கத் தெளிவான சட்டம் எங்கே இருக்கிறது?

1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டமும் அதன் திருத்தங்களும் பாடகருக்கு அவர் பாடியதன்மீது 50 வருஷ உரிமை அளிக்கின்றன. அவர் பாடாத பாட்டைப்பற்றி அச்சட்டம் எண்ணியதேயில்லை. கிராமபோன் வந்த காலத்திலும் சில வித்வான்கள் அஞ்சினார்கள் என்பது மெய்தான். ஆனால் கிராமபோன், பாடியதையே திருப்பிச் சொல்லிற்று. இறந்தவர் விஷயமோ இன்னும் மோசம். ஒருவர் சம்பாதித்த புகழ், சொத்தைப்போல் வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று சென்னை ஹைகோர்ட்டு 2021-ல் தீர்ப்புச் செய்திருக்கிறது. அப்படியானால் ஜனாப் ரஹ்மான் குடும்பத்தாரைக் கேட்டது மரியாதையேயன்றிச் சட்டக் கடமை என்று சொல்வது கடினம். காலஞ்சென்ற ஸ்ரீ எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படமொன்றில் இவ்வாறு உபயோகித்ததற்காக அவர் குமாரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

உயிரோடிருப்பவருக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 2024-ம் வருஷம் ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட்டு, பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி யந்திரத்தால் நகல் செய்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் நாடறிந்தவர், வக்கீல் அமர்த்த வசதி படைத்தவர். கோரஸ் பாடிப் பிழைப்பவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்வகைப் பாட்டுக்களில் பெரும்பாலும் உயிருள்ள ஒருவர் முதலில் பாடுகிறார். சுருதியும் பாவமும் மூச்சும் அவருடையவை. யந்திரம் அதன்மேல் மற்றொருவரின் குரலைப் போர்த்துகிறது. புகழ் போர்வைக்குப் போகிறது. பாடினவர் பெயர் விளம்பரத்தில் வராமலே போகலாம். நாளைக்கு அவருடைய குரலையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ‘இனி நீர் வரவேண்டாம்’ என்று முதலாளி சொன்னால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் படிக்காமல் இட்ட கையெழுத்தே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இறந்தவர் குடும்பமாவது மறுக்கக்கூடும். அடுத்த மாத வாடகைக்காகப் பாடுகிறவர் மறுக்கத் துணிவாரா?

ஆகவே ஜனாப் ரஹ்மானின் வழக்கத்தைச் சட்டமாக்குமாறு பார்லிமெண்டைக் கேட்கிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும். மொத்தமாக எழுதி வாங்கும் சம்மதம் செல்லக்கூடாது. ஊதியம் பாடகர் சங்கங்களோடு பேசி முடிவாக வேண்டும். கீழே பாடினவரின் பெயரும் மேலே ஒலிப்பவரின் பெயரோடு அச்சாக வேண்டும்.