பிள்ளைகள் கையில் ஒரு பொறுப்பு

கூட்டுறவுச் சங்கம் என்பது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் ஏற்பாடு அன்று. இன்று பங்குத்தொகை செலுத்தி, பொதுப்பேரவையில் அமர்ந்து, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அங்கத்தினர் யாவரும் ஒரு நாள் விலகத்தான் வேண்டும். அவர்தம் இடத்தில் அமரப் போகிறவர்கள் இன்று நம் வீட்டுத் திண்ணைகளில் விளையாடிக் கொண்டிருக்கும் பிள்ளைகளே. 18 வயது நிறைந்தவுடன் சட்டம் அவர்களைப் பெரியவர்கள் என்று ஏற்றுக்கொள்கிறது. ஒப்பந்தம் செய்யவும், கடன் பெறவும், சங்கத்தில் சேரவும், வாக்களிக்கவும் உரிமை அளிக்கிறது. உரிமையைச் சட்டம் அளிக்கலாம். அதைக் கையாளும் ஆற்றலைச் சட்டம் அளிக்க இயலாது. அவ்வாற்றலை அந்த வயதிற்கு முன்னரே வீடும் ஊரும் அளித்திருக்க வேண்டும். அளிக்கின்றனவா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நமக்கு அடிக்கடி எதிர்ப்படும் ஒரு நிலையை இங்குக் கூறுதல் பொருந்தும். தந்தை காலமாகிறார். சில நாட்கள் கழித்து மகன் அவருடைய பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வருகிறான். பள்ளியிறுதி தேறியவன்; பல வேளைகளில் பட்டமும் பெற்றவன். ஆயினும் அப்புத்தகத்தில் பங்குத்தொகை எது, சேமிப்பு எது, கடன் நிலுவை எது என்று அவனுக்குத் தெரிவதில்லை. நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்திற்காகத் தந்தையின் கூலியில் மாதந்தோறும் பிடிக்கப்பட்ட தொகை தன் குடும்பத்திற்கு உரியது என்பதையும் அவன் அறியான். வாரிசாக யாரைத் தந்தை குறித்துள்ளார் என்று கேட்டால் விழிக்கிறான். மகளோ மனைவியோ வந்தால் அவர்களுடைய நிலை இதனினும் இரங்கத்தக்கது. இறுதியில், விண்ணப்பம் எழுதித் தருவதாகச் சொல்லி வாயிலில் நிற்கும் ஒருவரிடம் பணம் கொடுத்து, அவர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுச் செல்கின்றனர். படித்த பிள்ளை கைநாட்டுக்காரனைப் போல் பிறரை நம்பி நிற்பதைக் காணும்போது, குறை பிள்ளையிடம் இல்லை, வளர்ப்பிலே உள்ளது என்றே நாம் எண்ண வேண்டியிருக்கிறது.

இந்நிலை எவ்வாறு வந்தது? முன்னைத் தலைமுறையில் நெசவாளர் வீட்டுச் சிறுவன் தார் சுற்றினான். பாவு ஓட்டும்போது ஓடியாடி உதவினான். உழவர் வீட்டுச் சிறுவன் மாடு மேய்த்தான், மடை திறந்தான். உழைப்பு மிகுதியாக இருந்தது, கல்வி இல்லை. ஆயிரக்கணக்கான தார்களைச் சுற்றிய சிறுவனுக்கும் நூல் என்ன விலை, சேலைக்கு என்ன கூலி, அதில் என்ன மீதி என்பதை எவரும் சொன்னதில்லை. அக்கொடுமை திரும்ப வரவேண்டும் என்று நாம் கூறவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. 14 வயது நிறையாதவர்களை எந்தத் தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்தது. இவை நல்ல சட்டங்கள். பிள்ளையின் இடம் பள்ளியே.

ஆனால் தறியிலிருந்தும் வயலிலிருந்தும் பிள்ளையை விடுவித்த நாம், மற்ற எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் சேர்த்தே விடுவித்துவிட்டோம். "நாங்கள் பட்ட பாடு எங்களோடு போகட்டும்; நீ படித்தால் போதும்" என்பது இன்று ஏழைப் பெற்றோர் வாயிலும் எழும் சொல். அதன் அடியில் இருப்பது அன்பு; ஐயமில்லை. எனினும், உண்ட தட்டைத் தாய் எடுக்க, உடுத்த துணியை அக்காள் துவைக்க, பேருந்துக் கட்டணத்தைத் தந்தை எண்ணிக் கொடுக்க வளர்ந்த பிள்ளை, வேலை தேடி வேற்றூர் சென்ற முதல் மாதத்திலேயே தடுமாறுகிறான். முன்னைப் பிள்ளை கற்காமல் உழைத்தான்; இன்றைப் பிள்ளை செய்யாமல் கற்கிறான். இரண்டிலும் முழு மனிதன் உருவாவதில்லை.

உதவி செய்வது வேறு, பொறுப்பேற்பது வேறு என்பதை நாம் முதலில் உணர வேண்டும். "கடைக்குப் போய் உப்பு வாங்கி வா" என்று காசைக் கொடுத்து அனுப்பினால் பிள்ளை உதவி செய்கிறது. "இந்த வாரம் காய்கறிக்கு 300 ரூபாய், என்ன வேண்டும், எங்கே வாங்கலாம், எவ்வளவு மிஞ்சும் என்று நீயே பார்த்துச் செய்து, ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சொல்" என்றால் பிள்ளை பொறுப்பேற்கிறது. முன்னதில் கால் மட்டும் நடக்கிறது. பின்னதில் அறிவும் நடக்கிறது. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே எண்ணிச் செய்து, அதன் விளைவைத் தானே கண்டால்தான் அது கல்வியாகும்.

எந்த வயதில் எதைக் கற்பிப்பது என்று பலர் கேட்கின்றனர். 7 வயதுப் பிள்ளை தன் தட்டைக் கழுவலாம், படுக்கையை மடிக்கலாம், பெற்றோர் பெயரையும் வீட்டு விலாசத்தையும் ஒரு தொலைபேசி எண்ணையும் பிழையின்றிச் சொல்லலாம். 10 வயது ஆனவுடன் சிறு வரவுசெலவு எழுதலாம். அந்த வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். வங்கிகளும் அவ்வாறே 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமே கணக்கு நடத்த இடங்கொடுக்கலாம் என்று 2025ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி அறிவித்துள்ளது. இது மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளுக்கும் பொருந்தும். 13 வயதில் சோறு வடிக்கவும், குழம்பு கூட்டவும், கிழிந்ததைத் தைக்கவும், மின்கட்டண விவரத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 16 வயதில் விண்ணப்பம் எழுதவும், அலுவலகம் சென்று பணிவோடும் அச்சமின்றியும் கேட்கவும், ரசீது பெற்றுப் பத்திரப்படுத்தவும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதிருக்கவும் பழகியிருக்க வேண்டும்.

இவற்றுள் கணக்கறிவை நாம் தனியே வற்புறுத்த விரும்புகிறோம். நம் வீடுகளிலேயே அதற்குரிய பாடங்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு சிட்டம் பருத்தி நூல் 840 கெஜம். 40ஆம் நெம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலில் 40 சிட்டம். அப்படியாயின் ஒரு ராத்தலில் எத்தனை கெஜம் என்று கேளுங்கள். 33,600 என்று விடை கண்ட பிள்ளை, நெம்பர் கூடினால் நூல் ஏன் மெலிகிறது என்பதையும் தானே கண்டுகொள்ளும். உழவர் வீட்டில் 100 சென்ட் ஓர் ஏக்கர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஓர் எக்டேர் என்பதைச் சொல்லி, பட்டாவையும் அடங்கலையும் எடுத்துக் காட்டி, நம் நிலம் எவ்வளவு என்று படிக்கச் சொல்லுங்கள். பள்ளிக் கணக்கு வீட்டுக் கணக்காகும்.

எல்லாவற்றினும் மேலாக வட்டியைக் கற்பியுங்கள். "ஐந்து வட்டி" என்றால் காதுக்குச் சிறிதாகத் தோன்றும். மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்பதே அதன் பொருள். 10,000 ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய். ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதாவது நூற்றுக்கு அறுபது. அதே தொகைக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் என்றால் 1,200 ரூபாய்தான். இக்கணக்கை 14 வயதில் தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை, 25 வயதில் திருமணச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ கந்துவட்டிக்காரரின் படியேறும் முன் ஒரு முறை நின்று யோசிக்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கணக்கறியாதவனைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது. தவணை நாளைச் சுவரில் எழுதி வைக்கும் பொறுப்பையும் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். உரிய நாளில் செலுத்துவோருக்குக் கிட்டும் வட்டிச் சலுகையைப் பலர் இழப்பது பணமில்லாமையால் மட்டுமன்று, நாளை மறந்ததாலும்தான்.

இவ்விடத்தில் மகன் வேறு, மகள் வேறு என்று பிரிப்பது பெருந்தவறு. அடுப்பறியாத மகன் வேற்றூரில் உணவு விடுதிக்கே தன் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுக்கிறான். கணக்கறியாத மகள் தன் பெயரில் என்ன இருக்கிறது என்பதைக் கூடப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். ஆகவே மகனை அடுப்பண்டையிலும் மகளைக் கணக்குப் புத்தகத்தண்டையிலும் அமர்த்துவது அவசியம். நெசவு வீடுகளில் பெண்கள் உழைப்பில் பாதிக்குக் குறையாமல் பங்கேற்கின்றனர். கணக்கில் மட்டும் பங்கேற்கலாகாதா?

இதற்குச் சில ஆட்சேபணைகள் எழலாம். சிறு வயதிலேயே பணத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பர் சிலர். கணக்குக் கேட்காமல் கொடுத்தால் கெடும் என்பது உண்மை. கணக்குக் கேட்டுக் கொடுத்தால் பிள்ளை பணத்தின் அருமையை அறியும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் முன்னோர் சொன்னது அளக்கக் கற்றவர்களுக்கே பயன்படும். காலம் வந்தால் தானே கற்றுக்கொள்வான் என்பர் வேறு சிலர். கற்றுக்கொள்வான், ஆனால் அப்போது தவறுக்குக் கொடுக்கும் விலை பெரிதாக இருக்கும். 12 வயதில் 50 ரூபாயை இழந்து கற்கும் பாடத்தை 30 வயதில் 50,000 ரூபாயை இழந்து கற்க வேண்டுமா? ஆகையால் பிள்ளை சிறு நஷ்டம் அடைந்தால் அடிக்கவும் வேண்டாம், உடனே அந்தத் தொகையை ஈடுசெய்யவும் வேண்டாம். "எங்கே தவறிற்று?" என்று மட்டும் கேளுங்கள். படிப்புக்கு இடையூறாகும் என்பாரும் உளர். நாளொன்றுக்கு அரை மணி நேரத்திற்கு மேல் இதற்குத் தேவையில்லை. கைப்பேசிக்குச் செல்லும் நேரத்தில் இது ஒரு சிறு பகுதியே.

இது புதிய கருத்தன்று. நம் இயக்கத்தின் வேரிலேயே இருப்பது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் விற்பதோடு அவர்கள் நிற்கவில்லை. நாளடைவில் வாசகசாலையும் நூல்நிலையமும் அமைத்து, உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு ஒதுக்கினர். அறியாத அங்கத்தினரைக் கொண்டு சங்கம் நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சு நாட்டில் பார்தெலமி புரோஃபி என்னும் பள்ளி ஆய்வாளர், மாணவர்களே நிர்வகிக்கும் பள்ளிக் கூட்டுறவுகளைப் பரப்பினார். அவற்றிற்கென நாடு தழுவிய அமைப்பு 1928ஆம் ஆண்டில் தோன்றியது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். கையும் கருத்தும் சேர்ந்து கற்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அங்கத்தினர் இதைத் தத்தம் வீட்டில் செய்வதுடன், சங்கங்களும் தம்மாலியன்றதைச் செய்யலாம். மாதத்தில் ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் அங்கத்தினரின் பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்திற்கு அழைத்து, செயலாளர் பேரேட்டைத் திறந்து காட்டி, ஒரு சேலையின் அடக்கவிலை எவ்வாறு கணக்கிடப்படுகிறது, பயிர்க்கடன் எவ்வாறு வழங்கப்படுகிறது என்று விளக்கலாம். பொதுப்பேரவை நடக்கும் நாளில் 14 வயதுக்கு மேற்பட்டோரைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்க அனுமதிக்கலாம். வாக்கு வேண்டாம், காது இருந்தால் போதும். அருகிலுள்ள பள்ளியில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை அமைக்கத் தலைமையாசிரியருக்கு ஆலோசனை கூறலாம். எழுதுகோலும் குறிப்பேடும் வாங்கி விற்று, இருப்புச் சரிபார்த்து, மாத முடிவில் கணக்கு வாசிக்கும் மாணவனுக்குக் கூட்டுறவைப் பற்றி வேறு சொற்பொழிவு வேண்டியதில்லை. இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை; செயலாளரின் இரண்டு மணி நேரமும் நிர்வாகிகளின் மனமும் போதும்.

தன் துணியைத் தான் துவைத்து, தன் சோற்றைத் தான் ஆக்கி, தன் கணக்கைத் தான் எழுதி, தான் கையொப்பமிடும் தாளைத் தான் படிக்கத் தெரிந்தவனே சுதந்திர மனிதன். அத்தகையோர் பலர் சேர்ந்தால்தான் கூட்டுறவு. பிறர் கையை எதிர்பார்ப்போர் பலர் சேர்ந்தால் அது வெறுங்கூட்டமே. ஆகவே இவ்விதழைப் படித்து முடித்ததும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பெட்டியிலுள்ள பாஸ் புத்தகத்தை எடுத்து, மகனையும் மகளையும் அருகில் அழைத்து, முதற்பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்வார்களாக. புரியாத வரி ஏதேனும் இருப்பின் மூவரும் சேர்ந்து சங்கத்திற்கு வந்து கேட்கட்டும். பதில் சொல்லச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.